ரசம் கேட்டால் சூப் இருக்கிறதாம்!

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையோரம் இருக்கும் அந்தக் குடும்ப உணவகம் பேரன் கைக்குப் போனாலும் போனது, எங்கள் வயிற்றில் மண் விழுந்துவிட்டது.

தாத்தா காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்த கையோடு இலை விழும். கல்லாவிலிருந்தே “அந்த இலைக்கு ரசம்!” என்று குரல் கொடுப்பார். மலைப்பூண்டைத் தோலோடு நசுக்கி, மிளகைத் தட்டிப்போட்ட ரசம். கொண்டை ஊசி வளைவுகளில் புரட்டிய வயிறு இரண்டாவது கரண்டியில் அடங்கிவிடும்.

இப்போது மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து மெனு பார்க்க வேண்டுமாம். அந்த மலைச்சரிவில் சிக்னல் எங்கே ஐயா இருக்கிறது? ஒருவழியாகத் திறந்தால் ஷவர்மா, பாஸ்தா, கோபி மஞ்சூரியன். ரசம் கேட்டால், “சூப் இருக்கிறது சார்.” கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மேலே பூம்பாறையில் விளைகிற அந்தப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது; இவர்கள் அடுக்களையிலோ பாக்கெட்டில் வந்த இஞ்சிபூண்டு விழுது!

வாழையிலைக்குப் பதில் இலைபோல் வெட்டிய பச்சைக் காகிதம். சாம்பார் பட்டதும் அதுவும் சோற்றோடு சேர்ந்து வருகிறது. கை கழுவப் போனால் சுவரில் இரண்டு பெரிய இறக்கைகள். அவற்றின் நடுவில் நின்று படமெடுக்க ஒரு வரிசை. எச்சில் கையோடு நாம் காத்திருக்க வேண்டும். வாசல் பலகையில் மட்டும் தாத்தா படமும் ‘பாரம்பரியச் சுவை’யும் கொட்டை எழுத்தில்.

பில்லில் சேவைக் கட்டணம் வேறு. எந்தச் சேவைக்கு? தண்ணீருக்குத் தொண்டை கிழியக் கத்தினோமே, அதற்கா?