கிட்டைவிட ஜன்னல் முக்கியம்

ஊரே முகக்கவசம் தேடி அலைந்த 2020 மார்ச்சில், எதிரே இருப்பவர் அதைக் கழற்றினால்தான் எங்களுக்கு வேலையே தொடங்கும். பல் டாக்டர் பிழைப்பு அப்படி.

அதிலும் பல்லைக் குடையும் ஏரோட்டர் இருக்கிறதே, நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பல் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து சாரலாக எழும்பி நேராக எங்கள் முகத்துக்குத்தான் வரும்.

ஊரடங்கில் வைத்தியம் வாட்ஸ்அப்புக்குப் போனது. டார்ச் அடித்து எடுத்தனுப்பிய படத்தில் முக்கால்வாசி நாக்குதான் தெரியும். வீக்கம் உண்டா, காய்ச்சல் உண்டா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு மாத்திரை சொல்வோம். வலி அடங்கும், சொத்தை அடங்குமா? ஒரு ஃபில்லிங்கில் முடிந்திருக்க வேண்டிய பல்லெல்லாம் ரூட் கேனாலுக்கு வந்து நின்றது.

மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் வந்தது. கட்டுப்பாட்டுப் பகுதியில் கிளினிக் திறக்கக் கூடாது, சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும். சரி, திறந்தோம். கத்திரி வெயிலில் ஏசியை நிறுத்திவிட்டு, உடம்பு முழுக்க மூடும் பிபிஇ கிட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு தெப்பமாகிவிடும். மூச்சு மேலேறிக் கண்ணாடி மங்கும் என்று முகக்கவசத்தின் மேல்விளிம்பை மூக்கோடு சேர்த்து மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொள்வோம். பிய்க்கும்போது தோலும் கூடவே வரும். கிட் காசைப் பில்லில் போட்டால், "அதுவும் எங்க தலையிலயா டாக்டர்?" கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி நிற்கவில்லை. கிளினிக் கிளினிக்காகப் போய் வேலை செய்து கொடுக்கும் இளம் டாக்டர்களுக்கு அந்த வருமானமும் இல்லை.

அப்புறம், பயந்த அளவுக்கு நடந்ததா? அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் 2020 ஜூனில் எடுத்த கணக்கெடுப்பில், தொற்று வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் ஊர் நிலவரம் வேறுதான். ஆனாலும் பெரும்பாலும் காப்பாற்றியது விண்வெளி வீரர் வேஷமல்ல என்பது என் கட்சி. திறந்த ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன், சாரலை உறிஞ்சப் பல்லை ஒட்டிப் பிடித்த சக்‌ஷன், பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் டேம், வருமுன் போனில் கேட்ட கேள்விகள். கிருமிநாசினிப் புகை போட்டதில் பாதி, பேஷன்ட் மனத்திருப்திக்கு.

அந்தக் கேள்விகளின் அருமை 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது தெரிந்தது. மேல்தாடைப் பல் திடீரென ஆடுகிறது என்று வந்தவரிடம் கொரோனா வந்ததா, ஸ்டீராய்டு போட்டார்களா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் பல்லைப் பிடுங்கி அனுப்பியிருந்தால் ஆளே போயிருப்பார்.

இப்போது? கிட் போனது சரிதான். கூடவே எல்லாம் போய்விட்டது. வந்ததும் நேராக நாற்காலி. ரப்பர் டேம் டிராயருக்குள். புதிதாகக் கட்டும் கிளினிக்குகளில் ஜன்னலே வைப்பதில்லை, கண்ணாடிச் சுவரும் ஏசியும்தான். காசநோயும் ஃப்ளூவும் ஊரைவிட்டுப் போய்விட்டனவா என்ன?

என் கிளினிக்கில் ஜன்னல் திறந்துதான் இருக்கும். ஏசி போடச் சொல்பவர்கள் சொல்லட்டும். கொசுவலை அடித்தாச்சு.