போனில் கார்டு நம்பர் கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

கார்டு மோசடி என்றாலே "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வாடிக்கையாளருக்குத்தான் பாடம் எடுக்கிறோம். சரி, எடுக்க வேண்டியதுதான். ஆனால் போனில் ஆர்டர் வாங்கிக்கொண்டு, "கார்டு நம்பர் சொல்லுங்க, எக்ஸ்பைரி சொல்லுங்க, பின்னாடி இருக்கிற மூணு நம்பரையும் சொல்லுங்க" என்று கேட்கும் வியாபாரிக்கு யார் பாடம் எடுப்பது?

கடையில் கார்டைச் செருகினால், அதிலுள்ள சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசியக் குறியை உருவாக்குகிறது. அதைத் திருடியவனுக்கு அடுத்த முறை அது உதவாது. வாயால் சொல்லும் நம்பர் அப்படியில்லை, கார்டு காலாவதியாகும்வரை அதேதான். சிப் வந்த நாடுகளில் போலி கார்டு தயாரித்தவர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. கார்டே தேவைப்படாத ஆன்லைனுக்கும் போனுக்கும் மாறிக்கொண்டார்கள்.

மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேட்பவர் ஆர்டர் படிவத்தின் ஓரத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். பணம் வந்ததும் படிவம் ஃபைலுக்குள் போகிறது, மூன்று இலக்க சி.வி.வி.யோடு சேர்த்து. கார்டு நிறுவனங்களின் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதிப்படி, பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு வியாபாரி அந்த இலக்கங்களை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. குரல் பதிவிலும்தான். "தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பித்துவிட்டு அப்புறம் சி.வி.வி. கேட்கிறார்களே, அந்த இடத்தில் பதிவை நிறுத்துகிறார்களா?

இதில் வியாபாரிக்கும் லாபமில்லை. வங்கியின் சரிபார்ப்புப் பக்கம் வழியாக நடந்த பரிவர்த்தனை மோசடி என்று தெரிந்தால், இழப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் தலையில். போன் ஆர்டரில் அந்தச் சரிபார்ப்பே கிடையாது. கார்டுக்கு உரியவர் "நான் வாங்கவில்லை" என்று புகார் கொடுத்தால், பொருளும் போய்ப் பணமும் போய், மேற்கொண்டு அபராதக் கட்டணமும் கட்ட வேண்டி வரலாம்.

கட்டண லிங்க் அனுப்பினால் நம்பரை வாடிக்கையாளரே தட்டிக்கொள்வார். லிங்கிலும் போலி உண்டு, தெரியும். அதனால் நாமே அழைத்துப் பேசும்போது வரும் லிங்கை மட்டும், முகவரியைப் பார்த்துத் திறக்க வேண்டும். வயதானவர்களுக்கு லிங்க் ஒத்துவராது என்பார்கள். அவர்கள் போன் பொத்தான்களிலேயே நம்பரை அழுத்தலாம். எதிரில் இருப்பவருக்கு எந்த எண் என்று தெரியாதபடி அந்த ஒலியை மறைக்கும் தொழில்நுட்பம் கால் சென்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிப் போடுவதற்குத்தான் மனம் வருவதில்லை.