ஆங்கில வழி வகுப்பறையோடு சரி
'ஆங்கில வழிப் படிப்பு, அதனால் மொழிப் பிரச்சினையே இல்லை' என்று வெளிநாட்டு மருத்துவப் படிப்பு பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது முதல் இரண்டு வருடத்துக்குச் சரி. என் அக்கா மகன் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டருக்குப் படிக்கிறான். அனாட்டமி எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடியது. வார்டுக்குப் போனால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் பாட்டிக்கு ரஷ்யனும் கிர்கிஸும்தான் தெரியும்; எப்போதிலிருந்து வலி என்று கேட்கவே இவன் நோட்டைப் புரட்டுகிறான். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'ஃபீஸ் குறைவு, அது போதாதா' என்கிறார். போதாது. அங்கே படித்தவர் இந்தியாவில் டாக்டராக, இங்குள்ள 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அப்புறம் அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, எல்லாம் வேண்டும். திரும்பி வந்தால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் ஃபீஸுக்கு முன்னால், எந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க விடுவார்கள் என்று கேளுங்கள். உடனே ஹாஸ்டல் இந்தியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.