யார் அந்த நாலு சனம்?

போன கிழமை ஒரு சாமத்தியவீட்டுக்கு, பிள்ளை பெரியபிள்ளையான விழாவுக்கு, சொல்ல வந்தார்கள். கையில் தந்தது கார்ட் இல்லை, பெட்டி. வெல்வெட் ஒட்டிய பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி விளக்கு எரிகிறது. ஒரு பக்கம் பிள்ளையின் படம், மறுபக்கம் நாலு சொக்லேட், நடுவில் மண்டபத்தின் பெயரும் நேரமும். என் மகன் சொக்லேட்டைத் தின்று முடித்துவிட்டு, விளக்கின் பட்டரியைக் கழற்றித் தன் விளையாட்டுக் காருக்குப் போட்டுவிட்டான். பெட்டிக்குள் இப்போது என் மனைவியின் தையல் ஊசிகள் கிடக்கின்றன. ஒரு பெட்டிக்கு 1,200 ரூபாய் முடிந்ததாம், 350 பெட்டி செய்வித்தார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களே சொன்னார்கள். அதைச் சொல்வதற்குத்தானே பெட்டி.

பெருக்கிப் பாருங்கள். நாலு லட்சத்து இருபதாயிரம். இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

“அவையளிட்டக் கிடக்கு, செய்யினம். உங்களுக்கு ஏன் எரியுது?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். எரிகிறதுதான், அதில் கொஞ்சம் பொறாமையும் சேர்ந்திருக்கிறது. ஒளிக்கவில்லை. ஆனால் பொறாமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் ஒன்று நிற்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா பெரியபிள்ளையானது 1993 இல். 1990 இல் இடம்பெயர்ந்து, அங்கே இங்கே அலைந்து, அப்போது திருகோணமலை அலஸ்தோட்டத்தில் முகாமில் இருந்தோம். கிடுகு மறைப்புக்குள் ஒரு பலகைக் கட்டில். பக்கத்துக் கொட்டில் மாமி தன் கூறைச்சேலையைத் தந்தார். பொட்டியின் அடியில் வைத்து, ஓடுகிற ஓட்டத்திலும் காப்பாற்றிக் கொண்டுவந்த சேலை அது. கும்பத்துக்குத் தேங்காய் ஒரு வீட்டில், வாழையிலை இன்னொரு வீட்டில். பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்த்தார்கள். அம்மா அவலும் சர்க்கரையும் குழைத்தார். வந்தது ஒரு முப்பது பேர் இருக்கும். நான் சின்னப் பெடியன், அவல் தின்றதுதான் நல்ல ஞாபகம்.

அதில் அக்காவுக்கு ஒரேயொரு மனக்குறை. படம் இல்லை. ஒரு படம்கூட இல்லை. முகாமில் யாரிடம் கமரா இருந்தது? கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அதைச் சொல்லுவாள்: “எனக்குத்தான் ஒண்டும் இல்லாமப் போச்சு, எண்ட பிள்ளைக்கு அப்பிடி விடமாட்டன்.” இதைக் கேட்டுவிட்டு யார் அவளை வீண்செலவுக்காரி என்று திட்டுவது?

அக்காவின் மகள் 2023 இல் பெரியபிள்ளையானாள். அதற்கு ஒரு வருடம் முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களைச் சீனன்குடாவில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீட்டர் பெற்றோலுக்காக கியூவில் படுத்துக் கிடந்த ஊர் இது. (அந்தப் பகிடியை நாங்களே கியூவில் நின்று சொல்லிச் சிரித்தோம். வேறென்ன செய்வது.) அத்தான் கூலர் லொறி ஓடுகிறவர், மீன் ஏற்றித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும். டீசல் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அக்காவின் இரண்டு காப்பும் வங்கியில் அடகுக்குப் போனது அப்போதுதான்.

காப்பு மீளவில்லை. ஆனால் மகளுக்கு மண்டபம் எடுத்தார்கள்.

நான் தாய்மாமன். சபையில் முன்னுக்கு நிற்க வேண்டியவன். சேலையும் சங்கிலியும் தட்டமும் கொண்டு போக வேண்டியவன். இருபது பேர் சேர்ந்த ஏலச் சீட்டு ஒன்றில் மாதம் 25,000 கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டலாம் என்று போட்ட சீட்டு அது. மூன்றாம் மாதமே கேட்டு எடுத்தேன். ஐந்து லட்சம் வர வேண்டிய இடத்தில் கழிவு போகக் கைக்கு வந்தது மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். கிணறு இன்றைக்கும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் பிடிக்கிறோம்.

சும்மா சொல்லக்கூடாது, விழா வடிவாக இருந்தது. நிலாவெளிக் கடற்கரையில் முதலே எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். பல்லக்கு வந்தது. புகை அடித்தார்கள். பிள்ளை மூன்று தரம் உடுப்பு மாற்றினாள். ஆராத்தி எடுத்து முடிந்து நான் பக்கத்தில் போய் நின்றபோது, சிரித்த முகத்தை மாற்றாமலே என்னிடம் கேட்டாள்: “மாமா, எப்ப முடியும்? கால் நோகுது.” குனிந்து பார்த்தேன். சேலைக்குக் கீழே, வாடகைக்கு எடுத்த உயரச் செருப்பின் வார் வெட்டிக் குதிக்காலில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வீடியோக்காரர் “அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ, பிரேமுக்குள்ள நிக்கிறியள்” என்றார். தள்ளினேன்.

இவ்வளவும் யாருக்காக? அத்தானைக் கேட்டால் “நாலு சனம் என்ன சொல்லும்” என்பார். அக்காவும் அதையே சொன்னாள், நானும் மனைவிக்கு அதையே சொன்னேன். எல்லோரும் சொல்கிற அந்த நாலு சனம் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்தாவது மேசையில் நானும் இன்னும் மூன்று பேரும் இருந்தோம். ஒருவர் கோழியில் உப்புக் கூட என்றார். ஒருவர் போன மாதம் உப்புவெளியில் நடந்ததற்கு இதைவிடச் சோடனை என்றார். மூன்றாவது ஆள், தாய்மாமன் என்ன போட்டவர் என்று என்னையே கேட்டார், நான்தான் அந்தத் தாய்மாமன் என்று தெரியாமல். நானும் சும்மா இருந்தேனா? “உப்புவெளியில பலகாரம் சரியில்லை” என்று என் பங்குக்கு ஒன்று சொன்னேன். எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு பேர்.

அளவுகோலைத் தூக்குகிறவர்கள் பணக்காரர் மட்டும் இல்லை. அவர்கள் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை எடுத்து அடுத்த வீட்டின் மேல் வைத்து அளக்கிறது நாங்கள்.

இதில் காசுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதமளவில் 360. இங்கே உழைத்து இங்கே தின்கிறவனின் சம்பளம் அப்படியே நிற்க, கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற அதே ஆயிரம் டொலருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ரூபாய் கிடைத்தது. ஊர் மெலிந்த அதே நேரத்தில் மண்டபம் பெருத்தது இப்படித்தான். பத்தாயிரம் டொலர் அவர்களுக்கு அங்கே ஒரு பழைய காரின் விலை. இங்கே அது ஊர் வாய்பிளக்கிற விழா. ஓகஸ்ட் லீவில் வந்து, செய்து, படத்தைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பனியில் இரட்டை வேலை செய்து சேர்த்த காசு. பிறந்த ஊரில் ஒரு நாளாவது தலை நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் டொலரில் வைத்த அளவை, ரூபாயில் எட்டிப் பிடிக்கப் போகிறவன் கதிதான் பாவம். கட்டாரிலும் சவுதியிலும் வீட்டு வேலை செய்கிற எங்கள் பெண்களின் காசும் அதே மேடையில்தான் போய்க் கரைகிறது.

2023 இல் இந்த நாட்டில் நாலில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி சொன்னது. அரசின் அஸ்வெசும உதவிப்பண விண்ணப்பத்தோடு பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் கணக்கு விளங்கும். மிக வறியவர் என்று பதிந்த குடும்பத்துக்கு 2025 இல் மாதம் 17,500 ரூபாய் ஆக்கினார்கள். எங்கள் பிள்ளையின் அலங்காரத்துக்கு மட்டும் அதைப் போல நாலு மடங்கு கொடுத்தோம். மாலையில் முகம் கழுவியதும் அது போய்விட்டது.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு குடும்பம். கணவர் கரைவலைக்குப் போகிறவர், வாடைக் காலத்தில் வருமானம் இல்லை. மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகள் படிப்பது என் மருமகள் வகுப்பில்தான். எங்கள் விழாவுக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. உடுப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் திடீரென்று பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றது. கேட்டால் “அம்மாள் வருத்தம்” என்றார்கள். சரி, வேப்பிலை கட்டியிருப்பார்கள் என்று நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போகத் தொடங்கியது.

ஏழு மாதம் கழித்துத்தான் தெரியும், பிள்ளை பெரியபிள்ளையாகியிருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் செய்ய வேண்டும், செய்யக் காசில்லை. சொல்லாமலே வைத்திருந்தார்கள், ஒரு குற்றத்தை மறைக்கிற மாதிரி. அந்த வீட்டு அக்கா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்: “பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்கவும் பயமாக் கிடந்தது, கடையில வாங்கினா விளங்கிடுமே எண்டு.” அந்த ஏழு மாதமும் அந்தப் பிள்ளை தனக்கு ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று நினைத்திருக்குமா இல்லையா?

கடைசியில் என்ன செய்தார்கள்? குழுக் கடன் எடுத்தார்கள், இரண்டு இடத்தில். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். 2018 இல் வறட்சி அடித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு முற்றிப்போன விவகாரம் இது. இன்னும் ஓயவில்லை. விழா நடந்தது. மண்டபம், பல்லக்கு, புகை எல்லாம் இருந்தது. நாங்களும் போய்ச் சாப்பிட்டோம். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கடன்காரப் பெடியன் மோட்டார் சைக்கிளை முற்றத்து மாமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கதிரையில் இருக்கிறான். அந்த அக்கா பின் வேலியால் எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் நிற்கிறார். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை, தேத்தண்ணி கொடுக்கிறோம்.

இதை எழுதினால் வருகிற பதில் எனக்குத் தெரியும். விழா நடந்தால் சமையல்காரருக்கும் பூக்காரருக்கும் மேளக்காரருக்கும் படக்காரருக்கும் பிழைப்பு. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பூ இப்போது பிளாஸ்டிக், கொழும்பிலிருந்து வாடகைக்கு வருகிறது. மேளத்துக்குப் பதில் டிஜே. பலகாரம் சுடுகிற எங்கள் மாமிகளுக்குப் பதில் பெட்டியில் கேக். கடனுக்குக் கட்டுகிற வட்டி ஊரில் யாருக்குப் பிழைப்பு? இன்னொரு பதில், மற்றச் சமூகத்தைப் பார் என்பது. கிண்ணியாவில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பர் இருக்கிறார். “மச்சான், எங்கட வலீமா கலியாண விருந்தை வந்து பார்த்திட்டுப் பேசு” என்று சிரிப்பார். இது எல்லா வீட்டு வருத்தமும்தான்.

கோவிட் காலத்தில் இத்தனை பேர்தான் வரலாம் என்று சட்டம் போட்டார்கள். அப்போது வீட்டு முற்றத்தில் இருபத்தைந்து பேரோடு கலியாணம் முடித்த சோடிகள் எனக்குத் தெரிந்தே ஆறேழு. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அப்போது எந்த நாலு சனமும் வாய் திறக்கவில்லை. தடை எடுபட்ட அடுத்த மாதமே வாயும் திறந்துவிட்டது.

என் நண்பன் ஒருவன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இந்தப் பெட்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று முந்தாநாள் அங்கே போனேன். அவன் சிரிக்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சுவர் முழுக்க இறாக்கை, இறாக்கை முழுக்க அல்பம். அரைவாசிக் காசு முற்பணமாகத் தந்து, விழா முடிந்து, மிச்சத்தைக் கட்ட முடியாமல் எடுக்க வராமலே விட்டவை. “விக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. ஆற்றையோ பிள்ளையளின்ர படம்” என்றான். சில மட்டைகளில் கறையான் வந்திருக்கிறது, மருந்து அடித்து வைத்திருக்கிறான். நான் சும்மா ஒவ்வொன்றாக முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழ்த் தட்டில், இடது பக்கம், 2023 ஆவணி.

உருவினேன். மேல் மட்டையில் என் மருமகள், நிலாவெளிக் கடலுக்கு முன்னால்.

அக்கா என்னிடம் சொல்லவில்லை. அல்பம் எங்கே என்று ஒருநாளும் கேட்க எனக்கும் தோன்றவில்லை. உள்ளே நாலாவது பக்கத்தில் ஆராத்திப் படம், ஓரத்தில் என் தோள் மட்டும் விழுந்திருக்கிறது.

“மிச்சம் எவ்வளவு?”

“முப்பத்தெட்டு.”

பொக்கற்றில் பத்தாயிரம் இருந்தது, கொடுத்தேன். மட்டையின் உட்புறத்தில் பென்சிலால் கழித்து 28 என்று எழுதிவிட்டு, அல்பத்தை வாங்கித் திரும்ப அதே இடத்தில் செருகினான்.