சும்மா ஒரு கையெழுத்துத்தானே, அக்கா

எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு மண்ணிறக் கடித உறையோடு யாராவது வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கலியாணக் காட் என்றால் மூலையில் மஞ்சள் பூசியிருக்கும். இது அது இல்லை. உள்ளே, யாரோ எடுக்கிற கடனுக்கு நான் பிணை நிற்க, பதினாலு பக்கப் படிவம் இருக்கும். என் அடையாள அட்டைக் கொப்பிக்கு ஓர் இடம், சம்பளத் துண்டுக்கு ஓர் இடம், கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி. "இந்த இடத்தில மட்டும் அக்கா. சும்மா ஒரு கையெழுத்துத்தானே."

சும்மாவாம்! அந்தச் சும்மாவுக்கு நான் இதுவரை கட்டினது 1 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா. இன்னும் முடியவில்லை.

கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு இன்றைக்கு நித்திரை வராது. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். 2022 தை மாதம், சித்தியின் மகன் ஓட்டோ எடுக்கப் போகிறேன் என்று வந்தான். கூடவே சித்தியும் ஒரு சீப்புக் கதலியோடு வந்தார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதோடு பழைய ஓட்டோவுக்கே யானை விலை. லீசிங்கில் 8 இலட்சம், 48 மாதம், மாதம் 28,800. கூட்டிப் பார்த்தீர்களா? 13 இலட்சத்து 82 ஆயிரத்து 400. அன்றைக்கு நான் கூட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டுகிற எனக்கு, அன்றைக்குக் கை போகவில்லை. சித்தி முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது கல்குலேற்றரை எடுத்துத் தட்டினால் மரியாதையா? "இவளுக்கு எங்களில நம்பிக்கை இல்லை" என்று ஒரு பேச்சு வந்துவிடாதா? அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து புள்ளடி போட்ட இடத்தில் வைத்தேன் கையெழுத்தை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் நாடே கவிழ்ந்தது. பெற்றோல் வரிசையில் ஓட்டோவை விட்டு ஓட்டோவுக்குள்ளேயே படுத்தான். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். 5 லீற்றர் அடித்து, பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி, மாதம் 28,800 கட்ட முடியுமா? அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. முடிந்தவரை கட்டினான். முடியாமல் போக, ஓட்டோவைச் சிநேகிதன் கையில் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் பறந்துவிட்டான். சிநேகிதன் கட்டுவான் என்று ஒரு நம்பிக்கை. சிநேகிதன் இரண்டு மாதம் கட்டினான்.

ஓட்டோவை எங்கே மறித்துப் பிடித்தார்கள் தெரியுமா? முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில். ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. அதனால் தவணை கட்டாத ஓட்டோவைப் பறிக்க, அதாவது சீஸ் பண்ண, லீசிங் கொம்பனியிலிருந்து வந்த பொடியங்கள் துரத்தி ஓடவே இல்லை. கச்சான் கடையடியில் கச்சான் தின்றுகொண்டு நின்றார்களாம். சிநேகிதன் தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்ப, ஓட்டோவில் வேறு ஆள் இருக்கிறான். பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

சரி, வாகனம் போனதோடு கடனும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம். ஆங்கிலத்தில். ஏலத்தில் விற்ற காசைக் கழித்து மிச்சம் 3 இலட்சத்து 40 ஆயிரத்தை நான் கட்ட வேண்டுமாம். எத்தனை பேர் ஏலத்துக்கு வந்தார்கள், யார் எடுத்தது, என்ன விலை, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஓட்டோ யாருடையது, ஓடினது யார், விற்றது யார்? காசு மட்டும் என்னுடையது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கொம்பனிக்குப் போனேன். "எடுத்தவன் கட்டாரில் உயிரோடு இருக்கிறான், முதலில் அவனிடம் கேளுங்கள்" என்றேன். ரை கட்டின தம்பி (அன்றைக்குப் பென்சிலால் புள்ளடி போட்டது இதே தம்பிதான்) கோப்பைத் திறந்து பதினோராம் பக்கத்தைக் காட்டினான். விஷயம் இதுதான். இந்த நாட்டில் பிணைக்கு ரோமன்-டச்சுச் சட்டம். அந்தச் சட்டத்தில் பிணை நின்றவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 'முதலில் கடன்பட்டவனின் சொத்தைப் பார், அதில் தேறாவிட்டால் பிறகு என்னிடம் வா' என்று சொல்லலாம். எவ்வளவு நியாயமான சட்டம்! ஆனால் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: அந்த உரிமையை நான் கைவிடுகிறேன், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறேன். நூற்றாண்டுக் கணக்காக இருந்த பாதுகாப்பை, எறும்பு அளவு எழுத்தில், எனக்கு அரைகுறையாக விளங்குகிற மொழியில், என் கையாலேயே கைவிட்டிருக்கிறேன். ஒரு சீப்புக் கதலிக்கு.

உடனே ஒருவர் சொல்லுவார், "வாசிக்காமல் வைத்தது உன் பிழை" என்று. என் பிழைதான். அதைக் குறைக்கவில்லை. ஆனால் வாசிக்க யார் விட்டார்கள்? நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கு 2023இல் மத்திய வங்கி ஒழுங்குவிதி எல்லாம் கொண்டுவந்தது. விரும்பிய மொழியில் பத்திரம் கேட்கலாம், நிறுவனத்திடம் முறையிட்டுச் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம். நல்லது. தமிழில் படிவம் கேட்டுப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். "தமிழில இருக்கு ரீச்சர், ஆனால் எடுப்பிக்க ரெண்டு கிழமை செல்லும், ஓட்டோவை வேறாள் கொண்டுபோயிடும்" என்பார்கள். அவசரம் எப்போதும் எங்கள் பக்கம்தான், அவர்களுக்கு ஒருநாளும் அவசரமில்லை. காசு வாங்கும்போது மட்டும் எவ்வளவு அழகான தமிழ் வருகிறது!

இதற்கு மேலே கிறிப், அதுதான் கடன் தகவல் பணியகம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்துக்குக் கட்டின வீடு எங்களுடையது. மகள் வளர்ந்துவிட்டாள், ஓர் அறை கூட்டிக் கட்டுவோம் என்று வங்கிக்குப் போனேன். இருபது வருடச் சம்பளம், ஒரு நாள்கூட எங்கும் நிலுவை வைக்காதவள். கணினியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தினார், மரண வீட்டில் கதைக்கிறது மாதிரி. "ரீச்சர், உங்கட கிறிப்பில ஒரு விஷயம் இருக்கு..." கடன் தகவல் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கடன் விவரத்தைப் பதிந்து வைத்திருக்கும், கொடுப்பதும் விடுவதும் வங்கியின் முடிவு. இதெல்லாம் இப்போது எனக்குப் பாடம். நீங்கள் எடுத்த கடன் மட்டும் இல்லை, பிணை நின்ற கடனும் உங்கள் பெயருக்குக் கீழேதான் வரும். அந்த அறிக்கையைக் காசு கட்டி நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பார்த்தேன். என் பெயருக்குக் கீழே அந்த ஓட்டோ நிற்கிறது. நான் ஒரு நாள்கூட ஏறாத ஓட்டோ.

ஏன் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் 'இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை' கேட்கிறார்கள்? ஈடு வைக்க எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? பாதிக் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணி, அதை ஈடாக எடுக்க வங்கி யோசிக்கும். உறுதி இருந்த காணியென்றால், உறுதி இடப்பெயர்வில் போயிற்று. நகை 2009இல் போயிற்று. என் மாமி நாலு பவுண் சங்கிலியைப் புலிகள் நடத்தின வங்கியான தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்திருந்தார். வன்னியில் எடுத்த தங்கத்தை இராணுவம் பொலிசாரிடம் கையளித்தது என்று 2025 மே மாதம் செய்தி வந்த அன்று, மாமி தகரப் பெட்டியைத் திறந்து ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த துண்டை எடுத்தார். மடிப்பில் மை போய்விட்டது. கையெழுத்து மட்டும் தெரிகிறது. பவுண் 3 இலட்சத்தைத் தாண்டின வருடம் அது. "நாலு பவுண்" என்று மட்டும் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அப்படி எல்லாம் போன மண்ணில் மாதாமாதம் தவறாமல் வருகிறது ஒன்றே ஒன்று, எங்களைப் போன்றவர்களின் சம்பளம். யுத்தம் முடிந்ததும் வரிசையாக வந்து கிளை திறந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. உள்ளபடி சொன்னால், வன்னியில் ஈடு வைக்கப்படுகிறது காணியும் இல்லை, பொன்னும் இல்லை. எங்களுடைய முகத்தாட்சணியம்.

அரச சம்பளம் இல்லாத பெண்களிடம் அதையே ஐந்தாகப் பிரித்து வாங்குகிறார்கள். அதுதான் குழுக்கடன். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 50,000 ரூபா கடன். பத்திரச் செலவு, காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு என்று 4,000 கழித்துக் கையில் கொடுத்தது 46,000. கிழமைக்கு 1,250 படி 52 கிழமை, மொத்தம் 65,000. "30 வீதம்தான் அக்கா" என்றாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். 30 வீதம் எப்போது? முழு 50,000மும் வருடம் முழுக்க அவளுடைய கையில் இருந்தால். அவள் முதல் கிழமையே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறாள். பாதி வருடத்தில் அவளிடம் இருக்கிற கடன் ஏறக்குறையப் பாதி, வட்டியோ கடைசிக் கிழமை வரைக்கும் முழு 50,000க்கு. குறைந்து போகிற மீதிக்குக் கணக்குப் பார்த்து, கழித்த 4,000த்தையும் சேர்த்தால், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 73 வீதம். இரண்டு தரம் செய்து பார்த்தேன், பிழைத்திருக்கும் என்று. பிழைக்கவில்லை. ஊரில் மீற்றர் வட்டிக்காரனை எல்லோரும் திட்டுவோம். அவனாவது பத்து வட்டி என்றால் பத்து வட்டி என்று வெளிப்படையாகச் சொல்லுகிறான்.

ஐந்து பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். கட்டும் வரைக்கும் கூட்டம் கலையாது. உலையில் அரிசி, பள்ளிக்கூடத்தால் பிள்ளை வரும் நேரம், அந்தப் பெண்கள் மாமரத்துக்குக் கீழே பாயில் இருந்தபடி கட்டாதவளின் வீட்டு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கடன்காரன் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. பேச வேண்டியதை அந்த நாலு பேரும் பேசுவார்கள். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அறிவித்தார்கள், சரி. பாய் இன்னும் அந்த மாமரத்துக்குக் கீழேதான் விரிகிறது.

இந்த இலட்சணத்தில் எங்களுக்குச் 'சேமிப்பின் முக்கியத்துவம்' பற்றிக் கருத்தரங்கு வேறு! போன மாதம் ஒன்றுக்குப் போனேன். பொதுநோக்கு மண்டபம், சுற்றிவர பதாகை, பணிசும் நெஸ்கபேயும். வந்தவர் திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்: தேவையற்ற செலவைக் குறையுங்கள், வெளியில் சாப்பிடுவதைக் குறையுங்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கச்சான் தோட்டத்துக் கூலிக்குப் போகிற பெண்கள். அவர்கள் எந்த ஹோட்டலில் சாப்பிடுகிறார்கள் ஐயா? எழும்பி நின்று, "பிணை நிற்கச் சொல்லிக் கேட்டால் எப்படி மறுப்பது என்று சொல்லித் தாருங்கள்" என்றேன். சிரித்தார். நல்ல கேள்வி என்றார். பிறகு எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் உண்டியல் கொடுத்தார்கள். மகள் அதில் இப்போது ரப்பர் பான்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது பேனையும் தேவையில்லை. போனுக்கு வருகிற ஆறு இலக்கமும் கையெழுத்துத்தான், அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா, கனடாவில் இருந்து மகன் அனுப்பின காசை அப்படித்தான் கொடுத்தார். "ஐயா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுத்தான் போன் எடுத்த கள்ளன் கதையைத் தொடங்கினானாம். தனியே இருக்கிற மனிசனிடம் ஒருவன் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். பிறகு இலக்கத்தைக் கேட்கிறான். எப்படி இல்லை என்பது? வங்கி ஒருபோதும் அந்த இலக்கத்தைக் கேட்காது என்று நான் பிறகு சொன்னபோது ஐயா சொன்னார், "தெரியும் பிள்ளை. ஆனால் அவன் மரியாதையாக் கதைச்சவன்."

பார்த்தீர்களா? திரும்பவும் அதே மரியாதை.

போன சனிக்கிழமை மறுபடியும் படலை திறந்தது. எங்கள் பக்கத்துப் பொடியன்தான், நல்ல பிள்ளை, காலபோக விதைப்புக்கு லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் எடுக்க வேண்டுமாம். கையில் மண்ணிற உறை. "அக்கா, சும்மா ஒரு..." என்றான். இரு என்றேன். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன், வரிக்கு வரி தமிழில் சொல்லிச் சொல்லி. அவன் ஒரு மணித்தியாலம் இருந்தான், பாவம். ஏழாம் பக்கம் வரும்போது போனைப் பார்த்தான். ஒன்பதாம் பக்கத்தில் எழும்பினான். "அக்கா, உங்களுக்குக் கரைச்சல், நான் வேற ஆளைப் பார்க்கிறன்" என்று உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பதினோராம் பக்கத்துக்கு நாங்கள் வரவே இல்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், போன வருடம் நியமனம் கிடைத்து வந்த சின்ன ரீச்சர், பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அக்கா, பிணைக்கு எத்தனையாம் பக்கத்தில வைக்க வேணும்? பென்சில் அடையாளம் அழிஞ்சு போச்சு."