சிகின் என்ற பெயர்

நார்ஸ் புராணங்களில், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கதைகளில், வரும் தந்திரக்கார லோகியை இன்று பலருக்கும் தெரியும். அவன் மனைவி சிகினைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

பழைய நார்ஸ் மொழியில் 'சிக்ர்' என்றால் வெற்றி. சிகுர்ட், சிக்ரிட், சிக்ரூன் போன்ற பெயர்களின் முன்பாதியும் இதுவே. அதோடு தோழியைக் குறிக்கும் சொல் சேர்ந்து சிகின் ஆனது என்பதுதான் வழக்கமான விளக்கம். வெற்றியின் தோழி.

சரி, அவளுக்கு என்ன வெற்றி கிடைத்தது? பால்டர் என்ற தேவனின் சாவுக்குக் காரணமான லோகியைத் தேவர்கள் பிடித்துக் குகைக்குள் கொண்டுபோகிறார்கள். அவனுடைய ஒரு மகனை ஓநாயாக்கி, இன்னொரு மகனைக் குதறவிடுகிறார்கள். செத்த பிள்ளையின் குடலை உருவி, அதாலேயே தகப்பனைப் பாறையோடு கட்டுகிறார்கள். அவன் முகத்துக்கு நேர் மேலே ஒரு விஷப்பாம்பைத் தொங்கவிடுகிறாள் ஸ்காடி என்ற தேவி. சொட்டும் விஷத்தைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் இருப்பது சிகின். கிண்ணம் நிறைந்ததும் அவள் கொட்டப் போகிற நேரத்தில் விஷம் அவன் முகத்தில் விழுகிறது. அவன் துடிப்பதால்தான் நிலநடுக்கம் வருகிறதாம்.

1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்த கதை இது. படித்தவர்கள் சட்டென்று 'என்ன ஒரு பதிவிரதை!' என்று உருகிவிடுகிறார்கள். அவள் பெயருக்கே அன்பின் வெற்றி என்று அர்த்தம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. இறந்தது அவள் பெற்ற பிள்ளை. அந்தத் துக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிண்ணத்தை மட்டும் புகழ்வது என்ன நியாயம்? 'வோலுஸ்பா' என்ற பழம்பாடல் இதில் நேர்மையானது. சிகின் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், கணவனை நினைத்து அவளுக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அவளைத் தியாகச் சிலையாக்கவில்லை.

அவள் பிற்காலத்தில் ஒட்டவைத்த பாத்திரமும் இல்லை. ஏறத்தாழ 900ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஹவுஸ்ட்லங்' பாடல் லோகியை 'சிகினின் கைகளில் இருக்கும் சுமை' என்கிறது. மனைவி தழுவும் கணவன் என்பதுதான் அதன் பொருள். ஆனால் கிண்ணக் கதை தெரிந்தவருக்கு அந்தச் சுமை வேறு மாதிரி கனக்கும். அப்புறம், இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், காஸ்ஃபோர்த் தேவாலய வளாகத்தில் நிற்கும் 10ஆம் நூற்றாண்டுக் கல் சிலுவையில், கட்டுண்டு கிடக்கும் ஒருவனும் கிண்ணம் பிடித்த ஒரு பெண்ணும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் சிகின்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஃப்ரிக், ஃப்ரேயா, இதுன் ஆகியோரோடு சிகினையும் தேவியர் வரிசையில் ஸ்னோரி எண்ணுகிறார். ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லும் எட்டா நூல்கள் இரண்டிலும், ஸ்னோரி எழுதியதிலும் சரி, பழம்பாடல்களின் தொகுப்பிலும் சரி, அவள் பேசுவதாக ஒரு வரிகூட இல்லை.