கிறிஸ்துமஸ் கேக் வேறு, என் பிறந்தநாள் கேக் வேறு

டிசம்பர் 26, என் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரரோடு கேக் வெட்டிய போட்டோவை நேற்று போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அந்தப் பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். எடுத்ததற்கும் சேர்த்து இப்போது குடும்பக் குழுவில் பஞ்சாயத்து ஓடுகிறது.

"கிறிஸ்துமஸுக்குத்தான் கேக் வெட்டியாச்சே, மறுநாளும் எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டவர் எனக்கு சித்தப்பா முறை. மனிதர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். என் பெயருக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே, இதுவும் கிறிஸ்துமஸ் கேக்தானே என்று துப்பறிந்து எழுதியிருந்தார். ஆமாம் சித்தப்பா. 26ஆம் தேதி நாங்கள் ஏறி இறங்கிய பேக்கரிகளில் வேறு கேக் இல்லை. என் வீட்டுக்காரர்தான் கடைப் பையனிடம் கெஞ்சி, 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருந்ததைக் கத்தியால் வழித்தெடுக்கச் சொல்லி, மேலே வெள்ளை கிரீம் தடவ வைத்து, என் பெயரை எழுதி வாங்கினார். சாயம் முழுசாகப் போகவில்லை. பெயரிலும் ஒரு எழுத்தை அந்தப் பையன் விட்டுவிட்டான். இருக்கட்டும். எனக்கென்று எழுதிய கேக் அது.

திரும்பவும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் கேக் வேறு, என் பிறந்தநாள் கேக் வேறு. முதலாவது ஆண்டவருக்கு, இரண்டாவது எனக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

டிசம்பர் கடைசியில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போய், டீச்சர் முன்னால் நின்று, வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கிற பாக்கியம் எனக்கு ஒரு வருஷம்கூடக் கிடைத்ததில்லை. புதுத்துணி? "கிறிஸ்துமஸுக்கு எடுத்தது இருக்குல்லா, அதையே உடுத்துக்க மக்கா." அண்ணனுக்குப் பிறந்தநாள் ஆகஸ்டில். அவனுக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு. கேக்கும் அப்படித்தான். வந்த சொந்தக்காரர்களெல்லாம் தின்று முடித்து ஓரமாகக் காய்ந்து கிடக்கிற ஒரு துண்டு பிளம் கேக்கை அம்மா தட்டில் வைப்பாள். 24ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் பிடித்த மெழுகுவர்த்தி பாதி எரிந்து, கையில் மெழுகு வடியாமலிருக்கச் சொருகிய அட்டையோடு அப்படியே இருக்கும். அதை அந்தத் துண்டின் மேல் நட்டு வைப்பாள். அது நிற்காது, சாயும். நான் ஊதுவதற்குள் யாராவது கேட்டில் பெல் அடிப்பார்கள். அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. முதல் நாள் முழுக்க அடுப்படியில் நின்றவள், வேறு என்ன செய்வாள்?

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சமோவா தீவில் இருந்தபோது, அங்கே வேலை பார்த்த அமெரிக்க அதிகாரி ஒருவரின் மகள் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள் என்று தெரிந்து, தன் பிறந்தநாளான நவம்பர் 13ஆம் தேதியை அவளுக்கு எழுதிக் கொடுத்தார். 1891இல், பத்திரம் மாதிரியே முறைப்படி எழுதி, சாட்சிக் கையெழுத்தெல்லாம் வாங்கி. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னேன். "என்னோட ஜூன் மாசத்த எடுத்துக்க, நான் சும்மாதானே இருக்கேன்" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். என் நாளே எனக்குப் போதும். அதைத்தான் கேட்கிறேன், இன்றைக்கு வரைக்கும்.

இப்போது வசனத்தோடு வந்தவருக்கு வருகிறேன். "வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடினவர்கள் இரண்டே பேர், பார்வோனும் ஏரோதும்" என்று போட்டிருந்தார். நானும் ஞாயிறு பள்ளிக்குப் போனவள்தான். ஆதியாகமம் 40இல் பார்வோன் பிறந்தநாளில் சுயம்பாகிகளின் தலைவனைத் தூக்கிலிட்டான். மத்தேயு 14இல் ஏரோது பிறந்தநாளில் யோவான்ஸ்நானனின் தலை போனது. நான் அன்று யாரையும் தூக்கில் போடவில்லை, எங்கள் குமரி மாவட்டத்தில் ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு தின்றேன். அப்புறம், டிசம்பர் 25 என்ற தேதி அதே வேதத்தில் எங்கே இருக்கிறது அண்ணாச்சி? ஆர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தானே கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது? தேதி தெரியாத பிறப்புக்கு ஊரெல்லாம் ஸ்டார் கட்டுகிறோம், நானும் கட்டுகிறேன், சந்தோஷமாகக் கட்டுகிறேன். தேதி தெரிந்த ஒருத்தி ஒரு கேக் வாங்கினால் உங்களுக்கு ஏரோது ஞாபகம் வருகிறது.

வீட்டில் விருந்தாளிகளை விட்டுவிட்டு ஊர்சுற்றப் போனேனாம். யார் சொன்னது? 22ஆம் தேதி பாசிப்பயறு வறுத்துத் திரித்ததிலிருந்து தொடங்குகிறேன். முந்திரிக்கொத்து உருட்டினது யார்? பாகு கொஞ்சம் முறுகினாலும் பல் உடையும், பதம் தப்பினால் உருண்டை நிற்காது. அதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தது யார்? அச்சுமுறுக்கு, 25ஆம் தேதி விடியுமுன் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து ஆப்பம், ஆட்டுக்கறி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி. 26ஆம் தேதி வந்தவர்களுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்து மூடிவிட்டுத்தான் படி இறங்கினேன். இந்தக் கணக்கை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்டதால் எழுதுகிறேன். "போயிட்டு வா மக்கா" என்று பிளாஸ்கில் சாயா ஊற்றிக் கொடுத்தது மாமிதான்.

அதே மாமி குடும்பக் குழுவிலும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்ததற்கு நீல டிக் விழுந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. சரி, விடுங்கள்.

கத்தாரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரைப் பற்றி இன்னொருவர்: "அவன் வருஷத்துக்கு ஒருதரம் வாறவன், பெத்தவங்களோட இருக்க வேண்டாமா?" வேண்டும். இருக்கிறார். அடுத்த கேள்வி.

கடைசியாக, சுனாமி. "ஊரே அழுகிற நாளில் உனக்கு கேக்கா" என்று ஒருத்தி கேட்டாள். அவள் சென்னையில் இருக்கிறாள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் மணக்குடிப் பாலத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அடுத்து குளச்சல் என்றார்கள், கொட்டில்பாடு என்றார்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் முகாம் ஆகிவிட்டது. வீடு வீடாகத் துணி கேட்டு வந்தார்கள். முந்தின நாள் உடுத்திய கிறிஸ்துமஸ் சுடிதாரை மடித்துக் கொடுத்தேன். அதுதான் என் பிறந்தநாள் துணியும். அதற்கப்புறம் பல வருஷம் எங்கள் வீட்டில் யாரும் என் பிறந்தநாளைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் பேசவில்லை. இந்த வருஷமும் காலையில் குளச்சல் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் தொட்டிப்பாலம் போனோம். கல்லறையில் போட்டோ எடுக்கவில்லை. எடுத்துப் போட்டிருந்தால் என்னை நல்லவள் என்றிருப்பீர்கள், இல்லையா?

அழ வேண்டிய இடத்தில் அழுதுவிட்டு, மத்தியானம் கட்டின புருஷனோடு ஒரு கேக் வெட்டினால் அழுதது பொய்யாகிவிடுமா? கடற்கரையில் அந்தத் தேதியில் பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடமும் போய்க் கேளுங்கள் பார்ப்போம்.

"நாப்பது வயசில இதெல்லாம் தேவையா" என்றும் ஒருவர். நாற்பது வயசில்தான் தேவை. போன வருஷம், அதற்கு முந்தின வருஷமெல்லாம் வீடியோ காலில், அவர் கத்தாரில் கேம்ப் ரூமில் உட்கார்ந்து, மேலே பங்க் கட்டிலில் ஒருவர் தூங்குகிறார் என்று குரலைத் தாழ்த்தி வாழ்த்துப் பாடினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் லீவு கிடைப்பதே பெரிய பாடு. எல்லாருக்கும் அதே வாரம்தான் வேண்டும். கிடைத்தாலும் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் விலை மயக்கம் போட வைக்கும். இந்த வருஷம் எப்படியோ வந்தார். வந்ததிலிருந்து வீட்டில் கூட்டம். நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது, 115 அடி உயரத்தில் அந்தப் பாலத்து நடைபாதையில், பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தத்துக்கு நடுவில்தான். என்ன பேசினோம் என்றால், கரண்ட் பில்லும் சின்னவனின் டியூஷனும். அதற்கே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே கிறிஸ்துமஸ் கேக் வேறு, என் கேக் வேறு என்பதில் மாற்றமில்லை. அடுத்த டிசம்பரில் அவருக்கு லீவு கிடைத்தால் அடுத்த டிசம்பரும் போவோம், போட்டோவும் போடுவேன். அவர் ஜனவரி முதல் வாரம் கிளம்புகிறார். அதுவரைக்கும் குழுவை மியூட்டில் போட்டிருக்கிறேன். திட்ட வேண்டியவர்கள் அவர் ஏர்போர்ட் போனபிறகு திட்டுங்கள், எனக்கு அப்போது நிறைய நேரம் இருக்கும்.